வெங்காயம் அல்ல

2019 அக்டோபர் கடைசி வாரம். ஹார்லம் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம். ஊரில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினால் நிறைந்துவிடும், அவ்வளவுதான். அதில் முழங்காலிட்டு உட்கார்ந்து ட்யூலிப் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தேன். இடுப்புயர வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 83 வயது. தனியாக இருப்பவர். குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதில் தொடங்கி அந்தத் தெருவின் நடைமுறைகளை எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர்.

ஏதாவது பேச வேண்டுமே என்று ஒரு கதையை எடுத்துவிட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பங்குச்சந்தை பற்றிப் பேசும் எந்த வீடியோவிலும் அது வரும். 1630களில் ஹாலந்தில் ட்யூலிப் பைத்தியம் உச்சத்தில் இருக்கிறது. ஒரு மாலுமி வியாபாரியின் கடைக்கு வருகிறான். நல்ல செய்தி கொண்டுவந்ததற்காக வியாபாரி அவனுக்கு ஒரு மீன் கொடுக்கிறார். மேசைமேல் கிடந்த வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு போய் மீனுக்குத் தொட்டுக்கொண்டு தின்றுவிடுகிறான். அது வெங்காயம் அல்ல. விலைமதிப்பற்ற ட்யூலிப் கிழங்கு. ஒரு கப்பலின் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரு வருஷம் சோறு போடும் காசை ஒரே வேளையில் தின்றதற்காக அவனை ஜெயிலில் போட்டார்கள்.

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த காகிதப் பையைப் பார்த்தார்.

"எத்தனை இருக்கு?"

"இருபத்தஞ்சு."

"வீட்ல நாங்க ஆறு பேர். இருபத்தஞ்சு ஒரு வேளைக்குப் பத்தாது."

அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சொன்னார் என்பது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த கிழங்கை அப்படியே மண்மேல் வைத்துவிட்டேன்.

*

எனக்குக் கிழங்கு நடுவது புதிதில்லை. எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பங்கி. விடிவதற்குள் பூவைப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதால் என் பள்ளிக்கூட நாட்கள் பாதி தூக்கத்திலேயே போயின. சம்பங்கிக்கு விதை போடுவதில்லை. பழைய தோட்டத்தைக் கிளறிக் கிழங்கெடுத்து, நிழலில் உலர்த்தி, பொறுக்கி, பார் பிடித்து ஊன்ற வேண்டும். பொறுக்குவது அப்பாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். கெட்டியாக இருக்க வேண்டும், கூம்பாக இருக்க வேண்டும், அமுக்கினால் விரல் பதியக் கூடாது.

ஹார்லம் கடையில் நின்றபோது அப்பாவின் கைதான் எனக்கு வந்தது. ட்யூலிப் கிழங்கை இங்கே சுற்றளவை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். கிழங்கு பெரிதாக இருந்தால் பூவும் பெரிதாக இருக்கும், வரும் என்ற உறுதியும் கூடும். பழுப்புத்தோல் கொஞ்சம் உரிந்திருந்தால் பரவாயில்லை. அடித்தட்டு மெத்தென்று இருந்தாலோ பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தாலோ வாங்கக் கூடாது. கனம் இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், உள்ளே உயிர் இருக்கிறதா, வெறும் தோலா என்று.

வாங்கிவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்ன சாமி, சின்ன வெங்காயமா? அங்க கெடைக்குதா?"

"வெங்காயம் இல்லீங்ப்பா. ட்யூலிப் கெழங்கு."

"எந்த மாசத்துல பூக்கும்?"

"ஏப்ரல்லீங்."

"இப்ப நட்டு ஏப்ரலா? அதுவரைக்கும் அங்க பனியடிக்குமே, செத்துப்போகாதா?"

பனி அடிக்காவிட்டால்தான் சாகும் என்று விளக்கினேன். ட்யூலிப்புக்குக் குளிர் வேண்டும். மண்ணுக்குள் 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் தண்டு நீளும். அதனால் மண் நன்றாக ஆறிய பிறகு, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நடுகிறார்கள். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே பார்க்க. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அப்பாவுக்கு ஆழக் கணக்கு மட்டும் ஒப்பவில்லை. சம்பங்கியை அவ்வளவு ஆழத்தில் புதைத்தால் எழுந்திருக்காது.

இதெல்லாம் நடவு பற்றி எனக்குத் தெரிந்தது. அந்தக் கிழங்கின் சரித்திரம் என்று எனக்குத் தெரிந்தது அந்த மாலுமி கதை மட்டும்தான். பாட்டி உள்ளே போன அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பல மாதங்கள் படித்தேன். கடைசியில் என் கையில் ஒன்றல்ல, மூன்று வெங்காயக் கதைகள் இருந்தன. முதலாவது நடந்ததாக ஒரு நல்ல சாட்சி எழுதிவைத்தது. இரண்டாவது பொய். மூன்றாவது நிஜம். இதில் உலகம் முழுக்கத் தெரிந்தது அந்தப் பொய்தான்.

*

முதல் கதை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நடந்தது. 1562இல் அங்கே ஒரு துணி வியாபாரிக்கு கான்ஸ்டான்டினோபிளிலிருந்து சரக்கு வந்தது. துணியோடு கொஞ்சம் கிழங்குகளும் இருந்தன. துருக்கி வெங்காயம் போல என்று நினைத்துச் சிலதை நெருப்பில் சுட்டு, எண்ணெயும் வினிகரும் ஊற்றிச் சாப்பிட்டார். மீதியைத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் பாத்தியில் புதைத்துவிட்டு மறந்துவிட்டார். பெரும்பாலானவை கவனிப்பாரில்லாமல் செத்தன. செடிகளில் ஆர்வமுள்ள இன்னொரு வியாபாரி வந்து எஞ்சியதை எடுத்துப்போய்க் காப்பாற்றினார்.

இதை எழுதிவைத்தவர் கரோலஸ் க்ளூசியஸ். ஐரோப்பியத் தாவரவியலின் ஆதி ஆசான்களில் ஒருவர். பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனுக்காக வியன்னாவில் தோட்டம் அமைத்தவர். 1593இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, லெய்டன் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்க வந்தார். வரும்போது கிழங்குகளையும் கொண்டுவந்தார். 1594 வசந்தத்தில் அந்தத் தோட்டத்தில் ட்யூலிப் பூத்தது. ஹாலந்தின் ட்யூலிப் சரித்திரத்தை வழக்கமாக அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

ஆனால் பூவுக்கு வயது அதைவிட மிக அதிகம். மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் காட்டுப்பூவாக இருந்தது. பாரசீகத்திலும் உஸ்மானியத் துருக்கியிலும் தோட்டங்களுக்குள் வந்து, லாலே என்ற பெயரில் ஓடுகளிலும் பட்டிலும் ஏறியது. லாலேயை ஐரோப்பியர் ட்யூலிப் என்றதே காதில் தவறாக விழுந்ததால்தான். தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லைப் பூவின் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

க்ளூசியஸைப் படிக்கும்போது ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த ஒரு கிழங்குச்செடியையும் அவர் வர்ணித்திருக்கிறார். கிழங்கு வேருடைய இந்திய ஹயசிந்த் என்ற பொருளில் அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவும் அவர்களுக்கு 'இந்தியா'தான். அந்தச் செடிதான் சம்பங்கி. எங்கள் அப்பாவின் ஒன்றரை ஏக்கரும் என் வீட்டுப் பின்தோட்டமும் லெய்டனில் ஒரு கிழவரின் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

*

கிழங்கு எப்படி அவ்வளவு விலைக்குப் போனது? அதற்குப் பேராசையை மட்டும் காரணம் சொன்னால் போதாது. கிழங்கின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ட்யூலிப்பை விதையிலிருந்து வளர்க்கலாம். பூக்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். பூத்தாலும் தாயைப் போல இருக்காது. அதே பூ வேண்டுமென்றால் தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் குட்டிக்கிழங்கைப் பிரித்து வளர்க்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும். அவசரப்படுத்த முடியாது.

அதிலும் எல்லோரும் ஆசைப்பட்டது கோடு போட்ட பூவுக்கு. ஒற்றைநிற ட்யூலிப் திடீரென்று ஒரு வருஷம் வெள்ளையில் சிவப்புத் தீநாக்குகளோடு, மஞ்சளில் ஊதாக் கீற்றுகளோடு பூக்கும். எந்தக் கிழங்கு எப்போது அப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாது. புறாவின் எச்சத்தைப் போட்டார்கள், பழைய சுவரின் சுண்ணாம்பைப் போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மாறிய கிழங்கு வருஷத்துக்கு வருஷம் மெலிந்துபோவதை மட்டும் க்ளூசியஸே கவனித்துவிட்டார்.

காரணம் தெரிய 1928 ஆனது. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டோரதி கேலி என்ற பெண், அது ஒரு நோய் என்று காட்டினார். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். இதழின் நிறத்தை அது அங்கங்கே தடுக்க, அடியில் இருக்கும் வெள்ளையோ மஞ்சளோ கோடுகளாகத் தெரிகிறது. ஆக, அந்தக் காலத்தின் மிக விலையுயர்ந்த பூ நோயாளி. நோய் அதை அழகாக்கியது, குட்டி போடவிடாமலும் செய்தது. அதனாலேயே அது அரிதானது, அரிதானதாலேயே விலை ஏறியது. செம்பர் அகஸ்டஸ் என்ற புகழ்பெற்ற ரகத்துக்கு ஒரு கிழங்கு 10,000 கில்டர் வரை விலை பேசப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு கைவினைஞரின் வருஷ வருமானம் சுமார் 300 கில்டராக இருந்த காலம் அது. இன்று அந்த ரகம் உலகில் எங்கும் இல்லை. ஓவியங்களில்தான் பார்க்கலாம்.

இன்றைக்கு ஹாலந்து வயல்களில் வசந்தகாலத்தில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து நோய்ச்செடி தேடுவார்கள். ஒற்றைநிற வயலில் கோடு போட்ட பூ கண்ணில் பட்டால் கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்த ஒரு செடிக்கு ஆம்ஸ்டர்டாமில் வீடு வாங்கியிருக்கலாம்.

*

1636 குளிர்காலத்தில் வியாபாரம் பூத்தோட்டத்தை விட்டு சாராயக்கடைக்குள் போனது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், ஜூனில்தான் தோண்டுவார்கள். ஆனால் அதற்கான சீட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். கிழங்கை எடை போட்டு விற்றார்கள். ஆஸ் என்று ஒரு சின்ன அளவு, கிராமில் இருபதில் ஒரு பங்கு. நட்டபோது இருந்த எடை தோண்டும்போது கூடியிருக்கும் என்ற நம்பிக்கைதான் முதலீடு. இதைக் காற்று வியாபாரம் என்றே டச்சுக்காரர்கள் அழைத்தார்கள்.

1637 பிப்ரவரி முதல் வாரத்தில் இதே ஹார்லமில் ஒரு ஏலத்தில் கேட்க ஆளில்லை. அடுத்தடுத்த நாட்களில் ஊர் ஊராக வியாபாரம் படுத்தது. அதே வாரம், பிப்ரவரி 5 அன்று, வடக்கே அல்க்மார் ஊரில் வவுட்டர் விங்கல் என்ற விடுதிக்காரரின் கிழங்குகள் ஏலத்துக்கு வந்தன. அவர் முந்தைய வருஷமே இறந்துவிட்டார். பெற்றோர் இல்லாத ஏழு பிள்ளைகளுக்காக நடந்த ஏலம். கிட்டத்தட்ட 90,000 கில்டருக்குப் போனது. அன்று விலை கேட்டவர்களின் காதுக்கு ஹார்லம் செய்தி இன்னும் எட்டவில்லை.

பிறகு? நாடே திவாலானது, ஆட்கள் கால்வாயில் குதித்துச் செத்தார்கள் என்று படித்திருப்போம். ஆன் கோல்ட்கர் என்ற வரலாற்றாளர் ஹார்லம், ஆம்ஸ்டர்டாம், என்க்ஹவுசன் ஆவணக்காப்பகங்களில் உட்கார்ந்து நோட்டரிப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 2007இல் புத்தகமாக எழுதினார். ட்யூலிப்பால் மட்டுமே திவாலான ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கால்வாயில் குதித்தவரும் இல்லை. ஒரு கிழங்குக்கு 300 கில்டருக்கு மேல் கொடுத்தவர்கள் என்று அவருக்குக் கிடைத்தவர்கள் 37 பேர். அவர்கள் வசதியான வியாபாரிகள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள். பலர் பணமே கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய ஜூன் மாதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1638 மே மாதம், பேசிய விலையில் 3.5 சதவீதம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று ஹார்லம் நகராட்சி தீர்த்துவைத்தது. உடைந்தது பணத்தைவிட நம்பிக்கை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவனோடு எப்படி வியாபாரம் செய்வது என்பதே அவர்களின் புலம்பல்.

அப்படியானால் அந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன? 1637இலேயே ட்யூலிப் வாங்கியவர்களைக் கேலி செய்து துண்டுப்பிரசுரங்கள் குவிந்தன. ஒரு கிழங்கின் விலைக்கு நாலு எருது, எட்டுப் பன்றி, பன்னிரண்டு ஆடு, ஒரு கட்டில் எல்லாம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் இன்றும் சுற்றுகிறதே, அது அப்படி ஒரு பிரசுரக்காரர் போட்ட ஒப்பீட்டுக் கணக்கு. பின்னால் வந்தவர்கள் அதை நடந்த பண்டமாற்று என்று எழுதிவிட்டார்கள். புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவி எல்லாம் 1841இல் சார்லஸ் மக்கே என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளரின் கைக்கு வந்தன. கூட்டங்களின் பைத்தியக்காரத்தனம் பற்றிய அவருடைய புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. மாலுமியை உலகப்புகழ் ஆக்கியது அந்தப் புத்தகம்தான்.

அந்தக் கதையை ஒரு தோட்டக்காரனாக யோசித்துப் பார்த்தாலே சாயம் வெளுக்கும். வியாபாரம் உச்சத்தில் இருந்த மாதங்களில் கிழங்கு மண்ணுக்குள் இருந்தது, மேசைமேல் அல்ல. ஒரு வீட்டின் விலையுள்ள பொருளை எந்த வியாபாரியும் துணிமூட்டைக்கு நடுவே போட்டுவைக்கமாட்டான். உரித்துப் பாருங்கள், வெங்காயத்தின் காரமும் வாசனையும் அதில் இல்லை. வாழ்க்கை முழுவதும் வெங்காயம் தின்ற மாலுமி ஒரு கடிக்கு மேல் தின்றிருக்கமாட்டான்.

ஆனாலும் நாம் அதைச் சொல்கிறோம், நானும் சொன்னேன். ஏனென்றால் அது முட்டாள்களைப் பற்றிய கதை. கேட்கிறவனுக்கு, தான் அந்த வியாபாரியும் இல்லை, அந்த மாலுமியும் இல்லை என்ற சுகத்தைத் தருகிறது.

*

மூன்றாவது கதையில் முட்டாள் யாரும் இல்லை.

1944 செப்டம்பர். நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்தின் தெற்குப் பகுதிக்குள் வந்துவிட்டன. லண்டனில் இருந்த டச்சு அரசு, ஜெர்மானியப் படைகளின் போக்குவரத்தை முடக்க ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. ரயில்கள் நின்றன. ஆனால் அர்னெம் பாலத்தைப் பிடிக்கும் முயற்சி தோற்றது. மேற்கு நகரங்கள் ஜெர்மானியர் பிடியிலேயே மாட்டிக்கொண்டன. பதிலடியாக அவர்கள் அந்த நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். நவம்பரில் படகு வழியாகக் கொண்டுவரக் கொஞ்சம் அனுமதித்தபோது குளிர் முந்திக்கொண்டது, கால்வாய்கள் உறைந்தன. நிலக்கரி கிடைக்கும் தெற்கு ஏற்கெனவே போர்முனைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆம்ஸ்டர்டாம், ஹார்லம், லெய்டன், டென் ஹாக், ராட்டர்டாம். ரேஷன் ஒரு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது. 1945 பிப்ரவரி கடைசியில் 600க்கும் கீழே. தெருமரங்களை வெட்டி எரித்தார்கள். டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்து எரித்தார்கள். டயர் இல்லாத சைக்கிள்களில் பண்ணைகளுக்குப் போய், கல்யாணத்துக்கு வந்த படுக்கைவிரிப்பைக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கினார்கள். அந்தக் குளிர்காலத்துக்குப் பசிக் குளிர்காலம் என்றே பெயர். சுமார் 20,000 பேர் இறந்தார்கள்.

ஹார்லமுக்கும் லெய்டனுக்கும் நடுவே இருப்பது கிழங்கு நாடு. போரால் ஏற்றுமதி நின்றுபோய், கிட்டங்கிகளில் ட்யூலிப் கிழங்கு மீந்து கிடந்தது. அதில் மாவுச்சத்து இருக்கிறது. உருளைக்கிழங்கைவிடச் சீக்கிரம் வேகும், அதனால் விறகு மிச்சம். எப்படிச் சமைப்பது என்று குறிப்புகள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சூப்பாக வைத்தார்கள், கூழாக்கினார்கள், காயவைத்து மாவாக அரைத்து ரொட்டியில் சேர்த்தார்கள். அர்னெம் பக்கத்தில் வெல்ப் என்ற ஊரில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்த ஒரு பதினைந்து வயதுப் பெண்தான் பிற்பாடு ஹாலிவுட் போன ஆட்ரி ஹெப்பர்ன். அவரும் ட்யூலிப் கிழங்கு தின்றதைச் சொல்லியிருக்கிறார்.

அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆம்ஸ்டர்டாமில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஐம்பது அறுபது வயதில் அவர்களுக்கு இதயநோயும் சர்க்கரைக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிந்தன. பிறக்கும் முன்பே பட்ட பசியை உடம்பு மறக்கவில்லை.

*

வேலியோரம் அந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலையில், மன்னிப்புக் கேட்கலாம் என்று பாட்டியின் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டார். கதை சொன்னதற்கு என்றேன். "அது எல்லாரும் சொல்றதுதான்," என்றார். பிறகு, "இன்னும் கிழங்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்று கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். சமையலறை மேசையில் பலகையை வைத்து, பழுப்புத்தோலை விரலால் உரித்தார். வெள்ளைவெளேரென்று வந்தது. ஒரு சின்னக் கத்தியால் நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். வெங்காயம் போலவே அடுக்கடுக்காக இருந்தது. நட்டநடுவில், சுண்டுவிரல் நகமளவில், மஞ்சளாக ஒரு முளை.

"இதை எடுத்துடணும். இதுல விஷம் இருக்குன்னு சொல்லுவாங்க. எடுக்கறது என் வேலை. அப்ப எனக்கு எட்டு வயசு. கை சின்னது, சீக்கிரம் எடுப்பேன்."

கத்திமுனையால் ஒரு சுழற்று. முளை தனியாக வந்து பலகையில் விழுந்தது. எழுபத்தைந்து வருஷமாகியும் கைக்கு அந்த வேலை மறந்திருக்கவில்லை.

ருசி எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஈர மரத்தூள் மாதிரி, கொஞ்சம் இனிப்பு, அப்புறம் தொண்டையைக் கமறும் என்றார். அவருடைய தம்பி ஒருவன் அதைத் தின்ன மறுத்து அழுவானாம். அதற்கு மேல் தம்பியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தோட்டத்தில் ரோஜா இருக்கிறது, லாவெண்டர் இருக்கிறது. ட்யூலிப் மட்டும் இல்லை. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த மஞ்சள் முளை என்ன என்று தேடினேன். ட்யூலிப் தன் பூவை வசந்தத்தில் உண்டாக்குவதில்லை. கோடையிலேயே, தோண்டியெடுத்துக் கிட்டங்கியில் உலர்ந்து கிடக்கும்போதே, கிழங்குக்குள் இதழும் மகரந்தக்காம்பும் சூலகமும் நுண்ணளவில் உருவாகிவிடுகின்றன. இலையும் தண்டும் பூவும் சேர்ந்த அந்தக் குருத்துதான் நடுவில் மஞ்சளாக இருப்பது. சுற்றியிருக்கும் வெள்ளை அடுக்கெல்லாம் அதற்கான சாப்பாடு.

அப்படியென்றால் எட்டு வயதுப் பெண் ஒரு குளிர்காலம் முழுக்கக் கத்திமுனையால் எடுத்துப்போட்டது 1945 ஏப்ரலில் பூத்திருக்க வேண்டிய பூக்களை.

*

மீதி 24 கிழங்கையும் நட்டேன். டிசம்பரில் மேலே பனி உறைந்தது. பிப்ரவரியில் பச்சை மூக்குகள் மண்ணைக் கீறின. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள். தோட்டத்தில் 23 பூத்தன. பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்து அந்த எண்ணிக்கையைச் சொன்னார். இதழ் உதிர்ந்ததும் தலையை மட்டும் கிள்ளு, இலையைத் தொடாதே, மஞ்சளாகிச் சாயும்வரை அது அடுத்த வருஷத்துக் கிழங்குக்குச் சாப்பாடு சேர்க்கும் என்றார். நடாதவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு வீடியோ காலில் பூவைக் காட்டினேன். ஊரிலும் மார்க்கெட் மூடிவிட்டதால் சம்பங்கியைப் பறிக்காமலே விட்டிருந்தார். பூ செடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. எத்தனை நட்டாய், எத்தனை வந்தது என்று கணக்குக் கேட்டார்.

"இருபத்தஞ்சு வாங்கினேன்னு சொன்னியே சாமி. ஒண்ணு என்னாச்சு?"

பாட்டி பிளந்த கிழங்கைப் பற்றிச் சொன்னேன். பசிக் குளிர்காலத்தைச் சொன்னேன். மாலுமி கதையைச் சொல்லவில்லை. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் வயலில் மயில் கத்துவது கேட்டது.

"வெத நெல்லக் குத்தித் தின்னாப்ல," என்றார்.

அதற்கு மேல் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.